அடையாள அட்டையிலிருந்து ஒரு முகம்: கிளிநொச்சியில் கையால் உருவப்படம் கீறும் ஒரு கடை

கிளிநொச்சியில் கண்டி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில், தையற்கடை ஒன்றின் பின்னறையில், கரியாலும் பென்சிலாலும் உருவப்படம் கீறிக் கொடுக்கும் ஒருவர் இருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. சென்ற ஆவணியில் என் அம்மம்மாவின் படத்தை அவரிடம் கொடுத்து, மூன்று கிழமை கழித்து வாங்கினேன். சித்திரம் கற்பிப்பதும் வரைவதுமாக இருபது வருடங்கள் இருந்துவிட்ட எனக்கு, ஒரு படம் எந்த இடத்தில் கலையாகிறது என்ற கேள்வி தீராத ஒன்று. அந்த இடத்தை விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு படம் இப்போது என் வீட்டில் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வன்னியில் இந்தத் தொழிலுக்கு ஏன் இத்தனை தேவை என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 2008 இன் பிற்பகுதியில் இறுதி யுத்தத்தால் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட சனம் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம் மாறி மாறி, 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலைக் கடந்தபோது, பலருடைய கையில் அல்பம் இருக்கவில்லை. அடையாள அட்டையை மட்டும் உயிரைப்போல இடுப்பில் செருகி வைத்திருந்தார்கள். இன்றைக்கு எங்கள் வீடுகளில் மாலையோடு தொங்கும் முகங்களில் பல, அந்த அட்டையின் முத்திரையளவு கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து பெருப்பிக்கப்பட்டவை. அம்மம்மாவின் அட்டை மழையில் நனைந்தது. லமினேற்றுக்குள் தண்ணீர் இறங்கி, இடக்கன்னமும் இடக்காதும் புருவத்தின் பாதியும் வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டன.

முதலில் அதை ஒரு ஸ்ரூடியோவில்தான் கொடுத்தோம். அவர்கள் முகத்தின் வலப்பாதியைக் கணினியில் பிரதி செய்து, புரட்டி, இடப்பக்கத்தில் ஒட்டி, பட்டுச்சேலை உடுத்தி, பின்னால் நீல வானத்தையும் வைத்துத் தந்தார்கள். படம் துல்லியமாக இருந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆரோ மாதிரிக் கிடக்கு" என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். எந்த மனித முகத்திலும் இரண்டு பாதிகளும் ஒத்திருப்பதில்லை. ஒரு பாதியை இரண்டு தரம் ஒட்டினால் வருவது மூன்றாம் ஆளின் முகம்.

இதற்குக் கணினியைக் குற்றம் சொல்ல மாட்டேன். 1882 இல் நியூயோர்க்கில் நெப்போலியன் சரோனி என்ற புகைப்படக் கலைஞர் எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டைப் படமெடுத்தார். அதை அனுமதியில்லாமல் 85,000 பிரதிகள் அச்சிட்ட நிறுவனம், புகைப்படம் இயந்திரத்தின் வேலை, அதற்கு ஆக்கியவர் என்று ஒருவர் இல்லை என்று வாதாடியது. வைல்டை இருத்திய விதம், உடை, திரைச்சீலை, ஒளியும் நிழலும் விழுந்த முறை ஆகிய எல்லாம் சரோனி மனத்தில் கண்டு ஒழுங்குபடுத்தியவை என்பதால் படம் அவருடைய ஆக்கமே என்று 1884 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் பார்ப்பதும் அதைத்தான்: கருவி எதுவாகவும் இருக்கட்டும், செய்தவர் எந்த இடத்தில் பார்த்தார், எந்த இடத்தில் முடிவெடுத்தார்?

கீறுகிறவர் அட்டையை வாங்கியதும் விலையைப் பேசவில்லை. "அவவோட இருந்த ஆள் ஆரும் வர ஏலுமோ அக்கா?" என்று கேட்டார். மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மணித்தியாலம் அவர் கேள்விகள்தான் கேட்டார். வெற்றிலையை எந்தக் கொடுப்புக்குள் அடக்குவா? கதைக்கேக்கை தலையை எந்தப் பக்கம் சரிப்பா? ஆரையும் கூப்பிடேக்கை புருவம் ஏறுமோ? அம்மா சொல்லச் சொல்ல, பழைய கொப்பித் தாளில் வாயை மட்டும் ஏழெட்டுத் தரம் கீறிக் காட்டினார். ஏழாவதோ எட்டாவதோ வந்தபோது அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். நடுகல் எடுக்கும் நம் பழைய மரபில் முதற்படிக்குக் காட்சி என்று பெயர். ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது அது. உளி பிறகுதான் வரும். கரிக்குச்சியைத் தொடாமல் கழிந்த அந்த ஒரு மணித்தியாலத்தை நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

படத்தில் வலக்கண்ணின் கீழ் இமைச் சுருக்கங்கள் கோடுகளாகக் கீறப்படவில்லை. கரியைப் பரவலாகத் தேய்த்துவிட்டு, அழிறப்பரைக் கூராக வெட்டி, ஒவ்வொரு சுருக்கமாக வெளிச்சத்தை எடுத்திருக்கிறார். வாயின் வலக்கோடி ஒரு நூலளவு உள்வாங்கியிருக்கிறது; வெற்றிலை அடக்கிய பக்கம் அது. இடப்பக்கத்தில் நெற்றிப்பொட்டிலிருந்து ஒரு மெல்லிய கோடு இறங்கி, காது இருக்க வேண்டிய இடத்தில் தாளை விட்டு எழும்பி, இரண்டு விரற்கடை தள்ளித் தாடையில் மீண்டும் தொடங்குகிறது. இடையில் வெறுந்தாள். நிரப்பித் தரலாமே தம்பி என்று கேட்டேன். "எனக்குத் தெரியாததைக் கீறினா அது நான் கீறின காதாப் போயிடும், அக்கா" என்றார்.

அதே அறையின் சுவரில் அவர் கீறிய நடிகர்களும் மணமக்களும் தொங்குகிறார்கள். கட்டம் போட்டுப் பெருப்பித்து, மயிரிழை தவறாமல் செய்தவை. அவற்றில் பிழை பிடிக்க எனக்கு ஏலாது. ஆனாலும் அவற்றில் எந்தக் கோடும் வேறு விதமாக விழுந்திருக்கக்கூடும் என்ற எண்ணமே பார்ப்பவருக்கு எழாது, ஏனென்றால் எல்லாவற்றையும் மூலப்படமே முடிவெடுத்துவிட்டது. அம்மம்மாவின் படத்திலோ ஒவ்வொரு கோடும் தெரிந்தெடுக்கப்பட்டது. கீறாமல் விட்டதையும் தெரிந்தே விட்டிருக்கிறார். கையும் கரியும் அறையும் ஒன்றுதான். நான் கலை என்று சொல்வது அந்த இரண்டு விரற்கடை வெறுந்தாளை. அம்மா அந்த இடத்தைத் தொட்டு, "இந்தப் பக்கத்துத் தோடுதான் அவவுக்கு எப்பவும் கழண்டு விழும்" என்றார். பன்னிரண்டு வருடமாக அந்தத் தோட்டைப்பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

குறைகளும் உண்டு. சேலைத்தலைப்பை அவசரமாக முடித்திருக்கிறார். தாள் சாதாரண வரைதாள். மரக்கூழில் உள்ள லிக்னினால் அது சில வருடங்களில் மஞ்சளாகும். படச்சட்டம்தான் மிகப் பெரிய குறை: கண்ணாடி படத்தோடு ஒட்டியே நிற்கிறது, பின்னால் ஹாட்போட். கரித்தூள் கண்ணாடியில் ஒட்டும். மாரியில் ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். நான் சட்டத்தைக் கழற்றி, படத்தைச் சுற்றித் தடித்த மட்டை வெட்டி வைத்து, கண்ணாடியை விலக்கிப் பூட்டினேன். பருத்தித் தாள் வாங்கிக் கொடுத்தால் அதிலேயே கீறித் தருவதாகச் சொல்கிறார்; கொடுங்கள். ஏ3 அளவுக்குச் சட்டத்தோடு 12,500 ரூபாய் வாங்கினார்; பற்றுச்சீட்டுத் தருவதில்லை.

போகும்போது அந்த முகத்தோடு வாழ்ந்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். காலபோகத்தில் அவர் வயலுக்குப் போய்விடுவதால், மாசி அறுவடை முடிந்த பிறகு போவது நல்லது.