ரிமோட் சாவி: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

பழைய கார் வாங்கி, அதன் ரிமோட் சாவி வேலை செய்யவில்லை என்கிறவர்களுக்கு என் பதில்: முதலில் இருப்பதைச் சரிசெய்யுங்கள்.

பேட்டரியிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி, 3 வோல்ட். எதற்கும் பழையதன் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மாற்றியும் ஓடவில்லையா? மூடியைத் திறந்து, பேட்டரியைப் பிடிக்கும் தகடுகளைப் பாருங்கள். உவரி, கூடங்குளம் பக்கம் ஓடிய வண்டி என்றால் உப்புக்காற்றில் அவை பச்சை பூத்திருக்கலாம். அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, தகட்டைச் சற்று நிமிர்த்திவிடுங்கள். ரப்பர் பட்டனுக்கு அடியில் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். அழுத்தினால் ‘டிக்’கென்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் செல்போன் பழுது பார்க்கிற, சால்டரிங் தெரிந்த கை ஒன்று போதும், மாற்றிவிடலாம்.

புதியது செலவு கூடின வழி. ரிமோட்டுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டே தண்ணீரில் நனைந்து கெட்டிருந்தால் வேறு வழியில்லை, சரி. ஆனால் வாங்கினால் மட்டும் போதாது, கார் அதை அடையாளம் காணும்படி அந்தக் காரோடு பதியவும் வேண்டும். வேறு காரில் இருந்த பழைய ரிமோட் பல மாடல்களில் பதியவே பதியாது. விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள்.

ஸ்பேர் சாவியின் ரிமோட்டும் வேலை செய்யவில்லையா? அப்படியானால் கோளாறு காரிலேயே இருக்கலாம். ஃபியூஸைப் பார்க்காமல் புதிய ரிமோட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். இன்னொன்று, ரிமோட்டில் கதவு திறக்காவிட்டாலும் வண்டி பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகும். சாவியைத் திருகும் கார்களில் இம்மொபிலைசர் சிப்புக்கு, அதாவது சரியான சாவிதான் என்று காருக்குக் காட்டும் சிப்புக்கு, ரிமோட் பேட்டரி தேவையில்லை.