என்ன தொழில் செய்வதென்றே தெரியாதவர்கள் ஆர்செட்டி பயிற்சிக்குப் போகலாமா?

டெல்டாவில் படித்து முடித்து ஊரிலேயே ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிற யாரைக் கேட்டாலும் பதில் நாலைந்துக்குள் அடங்கிவிடும். மரச்செக்கு எண்ணெய், பாரம்பரிய அரிசி, காளான், ஆட்டுப்பண்ணை, இல்லாவிட்டால் டீக்கடை. எதுவும் மோசமில்லை, நன்றாகச் செய்கிறவர்களை எனக்கே தெரியும். ஆனால் இதில் ஒன்றும் என் மனசில் ஒட்டவில்லை. அதனால்தான் வங்கி நடத்தும் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில், அதாவது ஆர்செட்டியில், தொழில்முனைவோர் பயிற்சியில் சேர்ந்தேன். குறைகளும் சொல்லப்போவதால் எந்த மாவட்ட மையம் என்று எழுதவில்லை.

தெரியாதவர்களுக்காக: 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி மையத்தை முன்மாதிரியாக வைத்துத்தான் பிறகு மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எதற்கும் காசு கிடையாது. சாப்பாடு வீட்டுச் சாப்பாடு மாதிரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆரம்பத்தில் விளையாட்டாகத்தான் போகும். தரையில் ஒரு குச்சியை நட்டு, வளையம் வீசச் சொல்வார்கள். எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பது நம் இஷ்டம், தூரம் கூடக் கூட மதிப்பெண் கூடும். வீசுவதற்கு முன்னால் எத்தனை விழும் என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்கிளெலண்டின் ஆய்வுகளிலிருந்து வந்த பயிற்சி இது. அவர் 1964 வாக்கில் ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளுக்கு இந்த வழியிலான பயிற்சியை ஏற்பாடு செய்தவர். ரொம்பக் கிட்டவும் நிற்காமல் ரொம்பத் தள்ளியும் நிற்காமல், கொஞ்சம் கஷ்டப்பட்டால் விழும் என்ற தூரத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். முதல் சுற்றில் விழாதபோது சிலர் ஓரடி முன்னால் வந்தார்கள், சிலர் வீம்பாக இன்னும் பின்னால் போனார்கள். கடன் வாங்கும்போது தாங்கள் எப்படி நடந்துகொள்வோம் என்று அவரவருக்கே அங்கே புரிந்திருக்கும்.

ஆனால் இந்தப் பயிற்சிக்குப் போகலாமா என்று கேட்டால் நான் ஆமாம் என்பதற்குக் காரணம் வேறு, சந்தை ஆய்வு நாள். குழுக் குழுவாகப் பிரித்துக் கடைத்தெருவுக்கு அனுப்புகிறார்கள். கிளம்பும்போது பயிற்றுநர் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "இந்தப் பொருள் கிடைச்சா வாங்குவீங்களான்னு கேட்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. தினமும் எது தொந்தரவா இருக்குன்னு கேளுங்க, அதைச் சமாளிக்க இப்ப எவ்வளவு செலவு பண்றாங்கன்னு கேளுங்க."

நாங்கள் போன ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பையன் உட்கார்ந்து வாழை இலையை நறுக்கிக்கொண்டிருந்தான். கேட்டதற்கு உரிமையாளர் கொட்டித் தீர்த்துவிட்டார். "கட்டா வாங்கறோம் தம்பி, பிரிச்சுப் பார்த்தா பெரிசும் சின்னதும் கலந்து கிடக்கும், பாதி கிழிசல். டிபனுக்கு ஏடு போதும், மதியத்துக்கு நுனி இலை வேணும். இதைப் பிரிக்கவே ஒரு ஆளு, காலைல ரெண்டு மணி நேரம்." அந்த ஆளுக்குக் கொடுக்கும் சம்பளமும் குப்பைக்குப் போகிற கிழிசலும்தான் எனக்கு வேண்டிய கணக்கு. அதே தெருவில் இன்னும் சில கடைகளில் கேட்டோம், கிட்டத்தட்ட அதே பேச்சு. 2019 ஜனவரி 1-இலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய தட்டும் மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் தடை. அதற்கப்புறம் இலைக்குத் திரும்பியவர்களும் அந்தத் தெருவில் இருந்தார்கள்.

திருவையாறு பக்கம் காவிரிப் படுகையில் இலைக்கென்றே பூவன் வாழை போடுகிறவர்கள் உண்டு. சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் பார்த்துக்கொண்டே போன தோப்புகள்தான். இன்றைக்கு அங்கிருந்து இலை எடுத்து, அளவு வாரியாகப் பிரித்து, விடியற்காலையில் சில மெஸ்களுக்குக் கொடுக்கிறேன். ஆடிக் காற்றில் இலை கிழிபடும், முகூர்த்த நாளில் விலை ஏறும், இரண்டையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. பட்டியலில் இருந்து தொழிலைத் தேர்ந்தெடுத்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

இனி குறைகள். இந்த ஆய்வுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குவது பெரிய அநியாயம். அறைக்குள் உட்கார்ந்து கணக்குப் பதிவேடு பற்றிக் கேட்ட நேரத்தில் பாதியைக் கடைத்தெருவுக்குக் கொடுத்திருக்கலாம். கடனுக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதற்காகவே வருகிறவர்களும் நிறைய. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் குழுவில் அப்படிப்பட்டவர்கள் சேர்ந்துவிட்டால் கடைக்காரரிடம் பேசக் கூச்சப்பட்டு மர நிழலில் நின்றுவிடுகிறார்கள். நீங்களே முன்னால் போய்ப் பேசுங்கள்.

கடன் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள், பட்டியல் இனத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம் மானியம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பணம் கைக்கு வராது, மூன்று வருடம் வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் ஓடினால்தான் கடனில் கழியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கைமுதலாகப் பொதுப் பிரிவினர் 10 சதவீதமும் மற்றவர்கள் 5 சதவீதமும் போட வேண்டும். மையத்தில் இதைத் தெளிவாகவே சொன்னார்கள். ஆனால் நான் போன வங்கிக் கிளை ஒன்றில் இலை வியாபாரம் என்றதுமே கோப்பைத் தள்ளி வைத்துவிட்டு, "ஆட்டுப்பண்ணை போடுங்களேன்" என்றார்கள். கடைசியில் சொந்தக் காசிலேயே சின்னதாகத் தொடங்கினேன். அந்த அளவுக்குக் கடன் தேவைப்படவும் இல்லை.

என்ன தொழில் என்று முடிவு பண்ணி கைத்தொழிலும் தெரிந்தவர் என்றால் பொதுப் பயிற்சியில் உட்கார வேண்டாம், தையல், கைபேசி பழுதுபார்ப்பு என்று தனித்தனிப் பயிற்சிகள் இருக்கின்றன, அதில் சேருங்கள். திசை தெரியாமல் நிற்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தக நகல், புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு வருடம் தொடர்பில் இருந்து விசாரிப்பார்கள். சேருகிற அன்றைக்கே சந்தை ஆய்வு எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் எந்தக் காரணத்துக்கும் லீவு போடாதீர்கள்.