பூனைக் கம்பமும் ஒற்றைப் போல்ட்டும்: இரண்டு வருஷத்துக்குப் பிறகு

நண்பன் ஒருவன் புதிதாகப் பூனை வளர்க்கிறான். நேற்று போன் பண்ணி, "உன் வீட்டில் இருக்கிறதே, அந்தக் கயிறு சுற்றின கம்பம், அதை வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லு" என்றான். அவன் கேட்ட நேரத்தில் நான் அதே கம்பத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, கையில் ஸ்பேனரோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரே வார்த்தையில்தான் சொன்னேன், ஆனால் அந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. ராத்திரி கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகு யோசித்துப் பார்த்தால் கம்பத்துக்கு அது நியாயமாகப் படவில்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன், முடிந்தவரை.

பூனை நகத்தால் பிராண்டுவதற்கென்று சிசல் கயிறு (ஒரு வகைக் கற்றாழை நார்க் கயிறு) சுற்றிய கம்பம், 90 செ.மீ. உயரம், அடியில் சதுரப் பலகை. பூனை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போல்ட் பக்கம் போய்விட்டால் அப்புறம் சொல்ல மனசு வராது.

கம்பம் வருவதற்கு முன்னால் என் சோபாவின் இடது கை நார்நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. தப்பில் பாதி என்னுடையது. நூல் வளையம் வளையமாகத் தூக்கி நிற்கும் முரட்டுத் துணி, பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்கினேன். ஒவ்வொரு வளையமும் ஒரு நகம் மாட்டுவதற்கு அளவெடுத்தது போல இருந்தது. இழை நெருக்கமான வெல்வெட் மாதிரித் துணியில் நகம் அவ்வளவு சுலபமாக மாட்டாது, பூனைக்கும் சீக்கிரம் சலித்துவிடும். இதெல்லாம் சோபாவுக்குப் பணம் கொடுத்த பிறகு வந்த ஞானம்.

எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். கத்தினேன், கை தட்டினேன், ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு பீச்சினேன். இதிலிருந்து சாம்பி (சாம்பல் நிறம், பேர் வைக்க ரொம்ப யோசிக்கவில்லை) கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: நான் வீட்டில் இல்லாத நேரத்தில் பிராண்டினால் மழை பெய்யாது. நான் கதவைப் பூட்டிக்கொண்டு போன பிறகு நிம்மதியாக வேலையை முடித்துவிட்டுத் தூங்கியிருக்கும். அதைத் திட்டியும் பிரயோஜனமில்லை, பிராண்டுவது அதற்குக் குறும்பு கிடையாது. நகத்தின் பழைய மேலுறை கழன்று விழ வேண்டும், தூங்கி எழுந்த உடம்பை முழுசாக இழுத்துவிட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதத்தில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து தன் வாசனையை அந்த இடத்தில் பூசிவிட்டுப் போக வேண்டும். அந்த வாசனை நம் மூக்குக்கு எட்டாது, நம் கண்ணுக்குத் தெரிவது கிழிசல் மட்டும்தான். பிறக்கும்போதே கொண்டு வந்த பழக்கத்தை நிறுத்து என்றால் எங்கே நிறுத்தும், வேறு இடம் காட்டிவிடலாம், அவ்வளவுதான்.

அந்த வேறு இடமாக முதலில் வாங்கியது முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டிக் கம்பம். முதல் நாளே சாம்பி முன்னங்கால் இரண்டையும் வைத்து இழுத்தது, கம்பம் அதன் மேலேயே சாய்ந்தது, அதோடு சரி, அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் வேறு புத்திசாலித்தனமாக அதன் பாதத்தைப் பிடித்துக் கயிற்றில் தேய்த்துக் காட்டினேன். செய்யாதீர்கள். அடுத்த இரண்டு நாள் என்னையும் கம்பத்தையும் ஒரே மாதிரிப் பார்த்தது.

அப்புறம்தான் இந்தப் பெரியது வந்தது. பின்னங்காலில் நின்று முன்னங்காலை முழுசாக நீட்டினாலும் மேலே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, உயரத்தில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் நான் அதை உள்ளறை மூலையில் கொண்டுபோய் வைத்தேன், யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று. யார் கண்ணிலும் படாத இடத்தில் கையெழுத்துப் போட்டு என்ன செய்ய, பூனைக்கும் அதே யோசனைதான் போல, சீந்தவே இல்லை. கடைசியில் சோபாவின் கிழிந்த கைக்குப் பக்கத்திலேயே, நடக்கிற வழியில், காலில் இடிக்கிற மாதிரி கொண்டுவந்து வைத்தேன். சோபாக் கையில் டபுள் சைடு டேப் ஒட்டினேன். பாதத்தில் பிசுபிசுவென்று ஒட்டுவது பூனைக்குப் பிடிக்காது, எனக்கும்தான் பிடிக்கவில்லை, சட்டைக் கையெல்லாம் அதில் ஒட்டி ஒட்டி வந்தது. வந்த விருந்தாளி ஒருவர் முழங்கையை ஊன்றிவிட்டு எழுந்திருக்கவே தயங்கினார். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினோம். மூன்றாவது வாரக் கடைசியில் சாம்பி தூங்கி எழுந்து நேராகக் கம்பத்துக்குப் போனது. அன்றைக்கு நான் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், அசைந்தால் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் இதில் உண்டு. சாயங்காலம் நான் கதவைத் திறந்த சத்தம் கேட்டதும் சாம்பி ஓடிவந்து, என்னிடம் வராமல் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, வாலைத் தூக்கிக்கொண்டு பரபரவென்று ஒரு பிராண்டு பிராண்டிவிட்டு, அதன் பிறகுதான் காலில் வந்து உரசும். முதலில் ஏதோ கோபம் என்று நினைத்தேன். கோபமில்லை, தாங்க முடியாத குஷி. இதே குஷியைத்தான் அத்தனை நாளும் சோபாவில் காட்டியிருக்கிறது, நான் தண்ணீர் பீச்சியிருக்கிறேன்.

சரி, நல்லது முடிந்தது. போல்ட்டுக்கு வருவோம்.

இந்தக் கம்பத்தின் உள்ளே இருப்பது மரமில்லை, கெட்டி அட்டைக் குழாய். அதுகூடப் பரவாயில்லை, தாங்குகிறது. குழாயின் அடிவாயில் ஒரு மர வில்லையைச் செருகி, அதன் நடுவில் முள் வைத்த நட்டு ஒன்றை அடித்து இறக்கியிருக்கிறார்கள். பலகையின் அடியிலிருந்து ஒரு போல்ட் மேலேறி அந்த நட்டில் மாட்டும். ஒரே ஒரு போல்ட். 90 செ.மீ. கம்பத்தை, அதன் உச்சியில் தொங்கி இழுக்கும் நாலரைக் கிலோ பூனையை, இரண்டையும் சேர்த்து என் விரல் நீளம்கூட இல்லாத ஒரு போல்ட் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடம் நடந்த அன்றைக்கு இதை வடிவமைத்தவர் லீவு போட்டுவிட்டாரா தெரியவில்லை. அதுவும் நடுவில் ஒன்றே ஒன்று என்பதால், பூனை ஓரமாக இழுக்கும்போது கம்பம் லேசாகச் சுழலும், சுழலச் சுழலத் திருகு கழலும். கழன்றால் கம்பம் ஆடும். நமக்குத் தெரியாத அளவுக்குத்தான் ஆடும், ஆனால் பூனைக்குத் தெரியும், ஆடுகிற கம்பத்தை அது நம்பாது, இரண்டே நாளில் மறுபடி சோபா. ஆக நான் பிராண்டலைத் தடுக்கக் கம்பம் வாங்கவில்லை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போல்ட் முடுக்கும் வேலையை வாங்கியிருக்கிறேன்.

வாங்கிய இடத்துக்கு எழுதிக் கேட்டேன். "போல்ட்டை நன்றாக இறுக்கவும்" என்று பதில் வந்தது.

இறுக்கினேன். வாஷர் பெரிதாகப் போட்டேன், ஸ்பிரிங் வாஷர் போட்டேன், திருகு கழலாமல் இருக்க மரையில் விடும் பசையும் விட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நாள் கூடுதலாக நின்றது, பசைக்கு மட்டும் ஆறு வாரம். போன வாரம் அந்த முள் நட்டே மரத்துக்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டது, இனி எவ்வளவு முடுக்கினாலும் அது பாட்டுக்குச் சுற்றும். நேற்று வில்லையை வெளியே நெம்பி எடுத்து, அதன் மேல் ஒரு பிளைவுட் துண்டை ஒட்டி, பலகையிலிருந்து இன்னும் இரண்டு ஸ்க்ரூ கூடுதலாக ஏற்றினேன். அந்த இரண்டு ஸ்க்ரூ போட மொத்தம் பத்து நிமிஷம். தயாரிக்கும்போதே போட்டிருந்தால் அதுகூட ஆகியிருக்காது, அதுதான் எரிச்சல்.

கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதில் குற்றம் சொல்ல மாட்டேன். பூனை பிராண்டுவது முக்கால்வாசி நடுப் பகுதியில்தான், அங்கே மட்டும் கயிறு தேய்ந்து அறுந்து வரும். 6 மி.மீ. கயிறு 20 மீட்டர் இருந்தால் அந்த 35 செ.மீ. அளவுக்குத் தாராளமாகச் சுற்றலாம், கொஞ்சம் மிச்சமும் வரும். சுற்றும்போது கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், உள்ளங்கை தோலுரிந்துவிடும். நான் செய்த தப்பு வேறு. முதல் தடவை பழைய கயிற்றை மொத்தமாகப் பிரித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பளிச்சென்று புதுசு சுற்றினேன். சாம்பி வந்து மோந்து பார்த்தது, யாருடையதோ என்கிற மாதிரி விலகிப் போனது, மூன்று நாள் சோபா. அதன் வாசனை முழுக்கப் பழைய கயிற்றில் போய்விட்டதே. இரண்டாவது தடவை பிய்ந்த கயிற்றில் ஒரு முழத்தைப் புதுசின் மேலேயே கட்டித் தொங்கவிட்டேன், ஒரு பிரச்சினையும் இல்லை. நம் கண்ணுக்குப் பிசிறாகத் தெரியும் கயிறுதான் அதற்குப் பிடித்த கயிறு, அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

நகம் வெட்டுவது தனிக் கதை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் எடுக்கிறேன், உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடக் கூடாது, அதில் ரத்த ஓட்டம் இருக்கிறது. கம்பத்தடியில் பிறை மாதிரிச் சின்னச் சின்னச் சில்லுகள் கிடந்தால் பதற வேண்டாம், நகம் உடைந்ததல்ல, கழன்ற உறை. அறுவை செய்து நகத்தையே எடுத்துவிடலாமே என்று நண்பனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது நகத்தை எடுப்பதில்லை, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் சேர்த்து வெட்டுவது. பல நாடுகளில் தடை இருக்கிறது. ஒரு சோபாவுக்காக அதைச் செய்யச் சொல்பவரிடம் எனக்குப் பேச்சு கிடையாது.

ஆகவே, நண்பா. உயரம் சரி, கயிறு சரி, சோபாவின் வலது கை இன்றுவரை புதுசு போல இருக்கிறது, கம்பம் ஆடாத வரை சாம்பி தினமும் பயன்படுத்துகிறது. வாங்காதே. அடிப்பலகை கனமாக அகலமாக, கம்பம் இரண்டு மூன்று இடத்தில் பிடித்திருப்பதாகப் பார்த்து வேறு எதையாவது வாங்கு, கடையிலேயே கவிழ்த்துப் பார்த்து வாங்கு. நான் என்ன செய்வேன் என்று கேட்காதே. இது உடைந்தால் நான் மறுபடி இதையேதான் வாங்குவேன், வேறொன்றுக்கு சாம்பியைப் பழக்க இன்னொரு மூன்று வாரம் டேப்பில் ஒட்டிக்கொண்டு உட்கார எனக்குத் தெம்பு இல்லை.

நேற்று போட்ட ஸ்க்ரூ இரண்டும் இதை எழுதும் வரை நிற்கின்றன. ஸ்பேனரை சோபாவுக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். எடுத்து உள்ளே வை என்று வீட்டில் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. நான் எடுக்கவில்லை.