கட்டுவள்ளத்தைப் புதுக்கக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்

என் பாட்டாவின் கரமடி வள்ளத்தை, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலையைக் கடலில் விரிக்கப் போகும் படகைப் புதுக்கக் கொடுத்து ஏமாந்து நிற்கிறேன். குமரி–கேரள எல்லையோரம் நீரோடி, கொல்லங்கோடு, பூவார் பக்கம் யார் வீட்டிலாவது பழைய வள்ளம் ஓலைக்கு அடியில் கிடந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்களுடையது ஆணியே இல்லாத கட்டுவள்ளம். அயினி (காட்டுப்பலா) மரப் பலகை ஓரங்களில் துளையிட்டு, இணைப்பின்மேல் தென்னந்தும்பை (தேங்காய் நாரை) அமுக்கிவைத்துக் கயிற்றால் தைத்தது. அலை தூக்கிக் கரையில் போடும்போது நெகிழ்ந்து கொடுக்கும், உடையாது. கயிறு இற்றால் அவிழ்த்து மறுபடி தைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆறு கடலில் சேரும் பொழிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறையில் 1,40,000 ரூபாய்க்குப் பேசி 90,000 முன்பணம் கொடுத்தேன். மூன்று பலகை மாற்றி, முழுதும் புதுக்கயிற்றில் தைப்பதாகப் பேச்சு. இரண்டு தடவை போனபோதும் "மரம் காயணும், அடுத்த வாரம் வாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை கறுப்புச் சாயம் பூசி வள்ளம் பளபளவென்று நின்றது. உள்ளே வரிசையாகத் தையல். பாட்டாவை நினைத்துக் கண் கலங்கி, மீதியையும் அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

பூவார் பொழிக்கு உள்ளே நெய்யாற்றில் பாய் விரித்தோம். காற்று நன்றாகவே பிடித்தது. அரை மணி நேரத்தில் கணுக்கால் வரை தண்ணீர்.

கரையேற்றிச் சுரண்டினால், கயிறு வெறும் ஒப்பனை. துளைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, பலகைகளை இரும்பாணியால் அடித்திருக்கிறார்கள். வெளியே ஃபைபர் கண்ணாடிப் பூச்சு. வள்ளம் நெளிந்ததும் அது பெயர்ந்துவிட்டது. புதுப் பலகை மூன்றும் அயினி இல்லை, மாமரம். உப்புநீரில் ஆணி துருவேறிச் சுற்றியுள்ள மரத்தையும் தின்னும். ஃபைபருக்கு அடியில் ஈரம் தங்கி உளுத்துப்போகும். பாட்டா காலத்துப் பலகைகளில் ஏழு இடத்தில் ஆணி வெடிப்பு. பணத்தைவிட இதுதான் ஆறவில்லை.

"இப்ப யாரு கயிறு தைக்கிறா?" என்றார் பட்டறைக்காரர். பணம் திரும்பவில்லை.

மரம் எடுக்கும்போது கூடவே போங்கள். தைக்கிற நாளெல்லாம் பக்கத்தில் இருங்கள், விடமாட்டோம் என்றால் வள்ளத்தைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். எண்ணெயோ சாயமோ பூசும் முன் உள்ளே தண்ணீர் ஊற்றிக் கசிவைப் பாருங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பலகை ஓரமாக ஓட்டினால் மறைத்த ஆணி பிடிபடும்; எனக்கு இதைப் பிறகுதான் ஒருவர் சொன்னார். தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இப்போது எங்கள் ஊரில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். மூன்று பலகைக்குப் பழைய அயினி வேண்டும், பன்னிரண்டு அடி நீளம். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.