விரலால் ஏறிய இமயம்: ஒரு புடைப்பு நிலவரைபடம்

இமயமலை மூன்று இணைத் தொடர்களால் ஆனது என்பதைக் கரும்பலகையில் மூன்று கோடுகள் போட்டு விளக்குவது, புவியியல் ஆசிரியரான எனக்குப் பல ஆண்டுகளாக மனக்குறையாகவே இருந்ததால், சென்ற மாதம் 1,850 ரூபாய் கொடுத்து இமயத்தின் புடைப்பு நிலவரைபடம் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். சூடாக்கிய பிளாஸ்டிக் தாளை அச்சின்மேல் படியவைத்துச் செய்யப்பட்ட இதில் ஒரு சென்டிமீட்டர் என்பது 40 கிலோமீட்டர்.

கங்கைச் சமவெளியிலிருந்து விரலை வடக்கே நகர்த்தினால், முதலில் சிவாலிக் ஒரு வயல் வரப்பைப்போல் தட்டுப்படுகிறது. அடுத்து டேராடூன் அமைந்திருக்கும் தாழ்வு, பிறகு இமாச்சல் தொடர், அதற்கப்பால் இமாத்ரியின் செங்குத்தான ஏற்றம். ஏறிய விரல் மறுபக்கம் சமவெளிக்கு இறங்கிவிடும் என்று எதிர்பார்த்த மாணவர்கள், அது திபெத் பீடபூமியில், ஏறத்தாழ 4,500 மீட்டர் மட்டத்திலேயே நின்றுவிடுவதைக் கண்டு வியந்தார்கள். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேசியத் தட்டுடன் மோதிய இந்தியத் தட்டு, இரண்டுக்கும் இடையே அன்று இருந்த டெத்திஸ் கடலின் அடிப் படிவுகளை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியதோடு நில்லாமல், இன்றும் ஆண்டுக்கு 4 முதல் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது என்பதையும், அந்த நெருக்குதலில்தான் திபெத்தின் அடியிலுள்ள மேலோடு வழக்கத்தைவிட ஏறத்தாழ இருமடங்காகத் தடித்தது என்பதையும் அதன்பின் சொல்வது எளிதாயிற்று. மலைவளைவின் மேற்கு முனையில் நங்க பர்வதத்தைச் சிந்துவும், கிழக்கு முனையில் நம்சா பர்வாவைச் சாங்போவும் (திபெத்தில் பிரம்மபுத்திராவின் பெயர்) சுற்றித் திரும்பும் இடங்கள் மிக நன்றாக வந்திருக்கின்றன. தட்டையான வரைபடத்தில் அவை வெறும் ஆற்று வளைவுகள்தாம்.

குறைகளும் உண்டு. எவரெஸ்டின் முகட்டை அளவுகோல் வைத்து அளந்தேன்: 11 மில்லிமீட்டர். 8,848 மீட்டர் உயரம் இந்த அளவையில் 2.2 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். ஐந்து மடங்கு உயர்த்திக் காட்டுவது தவறன்று, அவ்வாறு செய்யாவிட்டால் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. ஆனால் அதை எங்குமே அச்சிடாதது தவறு. தவுளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே காளி கண்டகி அறுத்துச் செல்லும் பள்ளம் அச்சில் மழுங்கி, ஒரு லேசான சுருக்கமாக எஞ்சியிருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத் தலத்தின் ஆறு அது. அங்கே பூசைக்கு எடுக்கும் கற்கள் டெத்திஸ் கடலில் வாழ்ந்த, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டு உயிரிகளின் புதைபடிவங்கள் என்று காட்ட நினைத்திருந்தேன்.

மன்னிக்க முடியாதது, தட்டு எல்லை என்று சிகரங்களின் வழியே இழுத்திருக்கும் சிவப்புக் கோடு. இரு கண்டங்களும் ஒட்டிய தையல் அதற்கு வடக்கே சிந்து, சாங்போ பள்ளத்தாக்குகளை ஒட்டிச் செல்கிறது. பாறைகள் இன்றும் நகர்ந்துகொண்டிருக்கும் முன்முகப் பிளவோ தெற்கே சிவாலிக்கின் அடிவாரத்தில் தரையைத் தொடுகிறது. விற்பனையாளருக்கு எழுதியதற்கு, மாற்றித் தருகிறோம் என்று உடனே பதில் வந்தது. வந்து சேர்ந்த மாற்றுப் பிரதியிலும் அதே கோடு. தையலுக்கும் முன்முகப் பிளவுக்கும் உரிய இடங்களில் மார்க்கரால் கோடு போட்டு, சிவப்பை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் வகுப்பறையில் மாட்டியிருக்கிறேன்.