டேட்டாஷீட்ல ரேம மட்டும் பாத்து ஸ்விட்ச் வாங்காதீங்க

நெட்வொர்க் ஸ்விட்ச்சோட (கம்ப்யூட்டர்கள இணைக்கிற பெட்டி) டேட்டாஷீட்ட தொறந்தா டிரேம் (சாதாரண ரேம்) இத்தன ஜிபி, ஃபிளாஷ் இத்தன ஜிபின்னு பெருசா போட்டிருப்பாங்க. ஃபிளாஷ்ல ஓஎஸ்ஸும் கான்ஃபிக்கும் (செட்டிங்) கிடக்கும், டிரேம்ல சிபியு வேலை ஓடும், அவ்ளோதான். ட்ராஃபிக் அதிகமாகும்போது கைய விரிக்கிறது வேற மெமரி.

மொதல்ல, பாக்கெட்ட எங்க அனுப்பணும்னு தேடுற மெமரி, கேமா (CAM) டிகேமா (TCAM). சாதாரண மெமரில அட்ரஸ் குடுத்தா டேட்டா வரும், இதுங்கள்ல தலைகீழ், டேட்டாவ குடுத்தா எல்லா என்ட்ரியையும் ஒரே நேரத்துல ஒப்பிட்டு எங்க இருக்குன்னு சொல்லிடும். கேம்ல ஒவ்வொரு பிட்டும் 0 இல்லனா 1, அச்சு அசலா பொருந்தணும், எந்த கருவி எந்த போர்ட்ல இருக்குன்னு வெக்கிற மேக் டேபிளுக்கு அது போதும். டிகேம்ல 'எதுவா இருந்தாலும் சரி'ன்னு மூணாவது நிலை உண்டு, 10.1.0.0/16 மாதிரி ஒரு ரூட்ட (எந்த அட்ரஸ் கூட்டத்துக்கு எந்த வழின்னு சொல்ற வரி) வெக்கும்போது முதல் 16 பிட்ட மட்டும் பாத்துட்டு மிச்ச 16-அ விட்டுடும், ஏசிஎல்லும் (எத விடணும், எத தடுக்கணும்ங்கிற விதிகள்) இதே கதைதான். ஆனா எஸ்ரேம்ல (வேகமான ரேம் வகை) ஒரு பிட்டுக்கு 6 டிரான்சிஸ்டர்னா டிகேம்ல வழக்கமா 16, கரண்டும் நெறய இழுக்கும், சூடும் ஆகும், அதனாலதான் எல்லா கம்பெனியும் அளந்து அளந்து வெக்கிறாங்க.

அது நெறஞ்சா என்ன ஆகும்னு 2014 ஆகஸ்ட் 12 அன்னிக்கு ஊரே பாத்துச்சு. இன்டர்நெட் ரூட்டிங் டேபிள் 512கே ரூட்ட (5 லட்சத்துக்கு மேல) தாண்டுச்சு, சிஸ்கோ கம்பெனியோட 6500, 7600 பாக்ஸ் பலதுல ஐபிவி4-க்கு (32 பிட் அட்ரஸ்) டிஃபால்டா ஒதுக்கின டிகேம் இடமே அவ்ளோதான், இடம் கிடைக்காத ரூட்டோட ட்ராஃபிக் எல்லாம் சிபியு தலைல விழுந்து அங்கங்க நெட் தடுமாறுச்சு. டிரேம் எவ்ளோ இருந்தும் பிரயோஜனமில்ல, டிகேம மறுபடி பங்கு பிரிச்சு ரீலோடு பண்ண வேண்டியதா போச்சு.

அடுத்தது பஃபர் (பாக்கெட் வெளிய போக காத்திருக்கிற இடம்), இங்க சண்டை சிப்புக்குள்ள இருக்கிற எஸ்ரேமுக்கும் வெளிய இருக்கிற டிரேமுக்கும். 100ஜி (செகண்டுக்கு 100 ஜிகாபிட்) போர்ட்ல 64 பைட் பாக்கெட் 6.7 நானோசெகண்டுக்கு ஒண்ணு வந்துகிட்டே இருக்கும், டிரேம்ல ஏதோ ஒரு மூலைய தொட்டு எடுக்கவே பல பத்து நானோசெகண்ட் ஆகும், அதனால வேகத்துக்கு எஸ்ரேம்தான். அளவுதான் பிரச்சனை, பிராட்காம் கம்பெனியோட டிரைடென்ட் 2 ஸ்விட்ச் சிப்ல மொத்த பஃபரே 12 எம்பி, ரெண்டு 10ஜி போர்ட் முழு வேகத்துல ஒரு 10ஜி போர்ட்டுக்குள்ள கொட்டினா மொத்தத்தையும் அதுக்கே குடுத்தாலும் 10 மில்லிசெகண்ட்கூட தாங்காது. அதே கம்பெனியோட ஜெரிக்கோ 2 சிப்ல 8 ஜிபி எச்பிஎம் (சிப்புக்கு பக்கத்துலயே ஒட்டி வெக்கிற வேகமான டிரேம்) இருக்கு, நெறய பேங்க்ல (தனித்தனி பகுதி) பிரிச்சு எழுதி அந்த தாமதத்த சமாளிக்குது.

100ஜில உள்ள வந்து 10ஜில வெளிய போற டபிள்யூஏஎன் (தூரத்து கிளைகள இணைக்கிற நெட்வொர்க்) ஓரத்துக்கு டீப் பஃபர் (இந்த மாதிரி பெரிய பஃபர்) தாராளமா வாங்கலாம். ஆபீஸ்ல கம்ப்யூட்டர நேரா சொருகுற ஆக்சஸ் ஸ்விட்ச்சுக்கு அந்த காசு வேஸ்ட், அத டிகேம் என்ட்ரி கூட இருக்கிற மாடலுக்கு போடுங்க, ஏசிஎல் வருஷா வருஷம் கூடுமே தவிர கொறையவே கொறையாது. சிஸ்கோவோட பழைய கேட்டலிஸ்ட் 3560, 3750 வெச்சிருக்கவங்க 'ஷோ பிளாட்ஃபார்ம் டிகேம் யூட்டிலைசேஷன்' (show platform tcam utilization) அடிச்சு டிகேம் எவ்ளோ நெறஞ்சிருக்குன்னு பாத்துட்டு அப்புறமா புது மாடலுக்கு கொட்டேஷன் கேளுங்க.