4 மெகாபைட்டுக்குள் லினக்ஸ்: அமுக்குவதா, பிரிப்பதா, வெட்டுவதா?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பாவித்த ரவுட்டர் ஒன்றை மலிவாக வாங்கினேன். பிளாஷ் (நிரந்தரச் சேமிப்பு) 4 மெகாபைட், ரேம் (ஓடும்போது பாவிக்கும் நினைவகம்) 32 மெகாபைட். இந்த அளவுக் கருவிகளை, ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி 19.07 வரிசையோடு கைவிட்டுவிட்டது. சரி, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை நாமே இளைக்க வைப்போம் என்று வெள்ளவத்தை வீட்டில் உட்கார்ந்தேன். எது போதவில்லை, பிளாஷா ரேமா? இதைக் கேட்காமல் எந்த வழியில் இறங்கினாலும் வீண்வேலைதான்.

நோகாத வழி அமுக்குவது. ஜிசிப் என்ற அமுக்கும் முறையை விட்டு இன்னும் இறுக்கமாக அமுக்கும் எக்ஸ்இசட்டுக்கு மாறினால் பிளாஷில் வைக்கும் கெர்னல் படிமம் நன்றாகவே சிறுக்கும். பூட் ஆவது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் ரேமுக்குள் போனதும் கெர்னல் பழையபடி விரிந்துவிடும். அங்கே ஒரு பைட்கூட மிச்சமில்லை.

கெர்னலின் துண்டுகளை, தேவைப்படும்போது ஏற்றும் மொடியூலாகப் பிரிப்பதைப் பலரும் மெச்சுகிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பிரித்த துண்டும் அதே பிளாஷில்தானே கிடக்கிறது? ரேமில் மிச்சம் என்பதும் அதை ஏற்றாமல் இருக்கும்வரைதான். மொடியூலுக்கு நினைவகம் முழுப் பக்கங்களாகவே, பெரும்பாலும் 4 கிலோபைட் கணக்கில், ஒதுக்கப்படும். எப்போதும் ஓடும் வைஃபை டிரைவரை மொடியூலாக்கினால் ரேம் கூடத்தான் போகும். எப்போதாவது தேவைப்படுவதற்கே அது சரி. என் ரவுட்டரில் யூஎஸ்பி துளையே இல்லை. யூஎஸ்பி டிரைவரைப் பிரித்து வைப்பானேன்?

ஆகவே என் வாக்கு, தேவையில்லாத பகுதிகளை அடியோடு வெட்டுவதற்கு. பிளாஷ், ரேம் இரண்டிலும் இடம் கிடைப்பது இதில்தான். வீட்டு இணைப்பில் பயன்படாவிட்டால் புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6-ஐ எடுத்துவிடலாம், பெரிய துண்டு. அடுத்து கேஆல்சிம்ஸ், கெர்னலுக்குள் இருக்கும் பங்ஷன் பெயர்ப் பட்டியல். அது போனால் கெர்னல் விழும்போது பங்ஷன் பெயருக்குப் பதில் வெறும் முகவரிகள்தான் வரும். கொம்பைல் செய்த கணினியில், எந்த முகவரி எந்தப் பெயர் என்று சொல்லும் சிஸ்டம்.மேப் கோப்பு இருந்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். கெர்னல் தன் செய்திகளை அச்சிடும் பிரிண்ட்கேயை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள். ஆசைப்பட்டு முதலிலேயே எடுத்தேன். கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் பேசியது, அப்புறம் சீரியல் வயரில் ஒரு எழுத்து இல்லை. எங்கே நின்றது என்று தேடி ஓர் இரவு போனது.

மிகச் சிறிய கெர்னலுக்கான ஆயத்த அமைப்பான டைனிகான்பிக்கில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்ப்பதும் உண்டு. அது தரும் கெர்னலோ எல்ஃப் என்ற, லினக்ஸின் வழக்கமான வடிவில் உள்ள சாதாரண புரோகிராமைக்கூட ஓட்டாது, பொறுமைசாலிகளுக்கு மட்டும். நான் ஏற்கெனவே ஓடுகிற கான்பிக்கை (அமைப்புக் கோப்பை) வைத்துக்கொண்டு ஒன்றை எடுப்பேன், கொம்பைல் செய்வேன், கெர்னல் மூலத்திலேயே இருக்கும் புளோட்-ஓ-மீட்டர் ஸ்கிரிப்டால் பழைய விஎம்லினக்ஸோடு (அமுக்காத கெர்னல் கோப்பு) அளவை ஒப்பிடுவேன். சில கிலோபைட்தான் குறைந்தது என்றால் எடுத்ததைத் திரும்பப் போட்டுவிடுவேன்.